ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றுபோகிற காருக்கு உச்சிப்புளி பக்கம் ஒரு பட்டறை

ராமநாதபுரத்திலிருந்து ராமேஸ்வரம் போகிற ரோட்டில், உச்சிப்புளி தாண்டி மண்டபம் வருவதற்கு முன்னால் ஒரு தகரக் கொட்டகைப் பட்டறை இருக்கிறது. போர்டு உண்டு, எழுத்துதான் உப்புக்காற்றில் உரிந்துபோய் வாசிக்க முடியாது. முதலாளியின் பெயரையும் நம்பரையும் போட வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார், இருக்கிற வண்டிகளையே பார்த்து முடிக்க முடியவில்லையாம். அதனால் இங்கே பாய் என்றே எழுதுகிறேன், நான் கூப்பிடுவதும் அப்படித்தான். பட்டறைப் பையன்கள் அவரைக் காக்கா என்பார்கள், கீழக்கரைக்காரர், அந்தப் பக்கம் முஸ்லிம்கள் அண்ணனை அப்படித்தான் கூப்பிடுவார்கள். என் கார் ஐந்து மாதமாக நடுரோட்டில் நின்று நின்று என்னை அழவைத்தது. இரண்டு இடங்களில் மொத்தம் 15,900 ரூபாய் கொடுத்தும் தீராததை இவர் 1,800 ரூபாயில் முடித்தார். காசு மிச்சமானது சந்தோஷம்தான், அதைவிடப் பெரிய சந்தோஷம் எதையும் கழற்றுவதற்கு முன்னால் அவர் என்னிடம் கேள்வி கேட்டது, நான் சொன்னதை நம்பியது.

நான் தங்கச்சிமடத்தில் டீச்சர், வீடு ராமநாதபுரம் டவுனில். போக 45 கிலோமீட்டர், வர 45 கிலோமீட்டர், தினமும் நானே ஓட்டிக்கொண்டு போகிறேன். வீட்டுக்காரர் சவூதியில் இருக்கிறார். வண்டி 2013 மாடல் சின்ன பெட்ரோல் கார், அதுவரை பெரிய தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை. போன ஆடி மாதம் ஒரு நாள் காலை மண்டபம் நெருங்கும்போது திடீரென்று ஆஃப் ஆனது. இருமல் இல்லை, உதறல் இல்லை, சாவியைத் திருப்பி அணைத்த மாதிரி. ஓரங்கட்டி செல்ஃப் அடித்தால் நன்றாகச் சுற்றுகிறது, ஸ்டார்ட் மட்டும் ஆகவில்லை. பதினைந்து நிமிஷம் கழித்து ஒன்றுமே நடக்காத மாதிரி ஒரே அடியில் ஸ்டார்ட் ஆனது. பத்து நாள் கழித்து மறுபடி, அப்புறம் ஒரு வாரத்தில் மறுபடி.

மூன்றாவது தடவை பாம்பன் ரோட்டுப் பாலத்தின் மேலேயே நின்றுவிட்டது, மாமியாரும் என் மகளும் உள்ளே. அந்தப் பாலத்தில் போனவர்களுக்குத் தெரியும், 2 கிலோமீட்டருக்கு மேல் நீளம், இரண்டு பக்கமும் கடல், ஒதுங்க இடமே கிடையாது, பாதி ரோட்டை ரயில் பாலத்தைப் படமெடுக்க நிற்கிறவர்கள் பிடித்திருப்பார்கள். பின்னால் அரசு பஸ் ஹாரன், அதற்குப் பின்னால் ஐஸ் பெட்டி ஏற்றின மீன் வண்டி. நான்கு பக்க லைட்டையும் அடிக்கவிட்டு, மகளைக் கைப்பிடிச் சுவர் ஓரமாக நிறுத்தி, மாமியார் கையைப் பிடித்துக்கொண்டு அந்தக் காற்றில் இருபது நிமிஷம் நின்றேன். அன்றைக்கு ராத்திரி ஒரு நோட்டு எடுத்தேன். எப்போது நின்றது, எந்த இடம், கிளம்பி எத்தனை நிமிஷம், பெட்ரோல் எவ்வளவு, ஏசி ஓடியதா, மழையா வெயிலா என்று ஒவ்வொரு தடவையும் எழுத ஆரம்பித்தேன். அந்த நோட்டுதான் கடைசியில் கைகொடுத்தது.

அதற்கு முன்னால் இரண்டு இடங்களுக்குப் போனேன், பெயர் வேண்டாம். முதல் இடத்தில் நான்கு பிளக்கையும் மாற்றி, இன்ஜினுக்குக் காற்று போகிற வழியான திராட்டில் பாடியில் கரி பிடித்திருக்கிறது என்று கழுவிவிட்டு 4,300 ரூபாய் வாங்கினார்கள். கரி பிடித்திருந்தது உண்மைதான், கழுவிய அழுக்குத் துணியை நானே பார்த்தேன். ஆனால் அந்தக் கரியால் நிற்கிற வண்டி சிக்னலில், ஸ்பீடு குறையும்போது, ஆக்ஸிலேட்டர் மிதிக்காத ஐடிலில் உதறி உதறித்தான் நிற்கும். என்னுடையது 60 கிலோமீட்டர் வேகத்தில் நாலாவது கியரில் நிற்கிறது. அதைச் சொன்னதற்கு அங்கே இருந்தவர், மேடம் நீங்க கிளட்சை சரியா விடாம ஆஃப் பண்றீங்களோ என்னவோ என்றார். பன்னிரண்டு வருஷமாக ஓட்டுகிறேன்.

இரண்டாவது இடம் பெரிய இடம், மரியாதையாகத்தான் பேசினார்கள். வண்டியை இரண்டு நாள் வைத்திருந்தார்கள், அங்கேயும் ஒரு தடவை நின்றிருக்கிறது. நின்ற நேரத்தில் பார்த்தோம், பெட்ரோல் பம்ப் ஓடவில்லை, பம்ப் போய்விட்டது என்று சொல்லி டேங்குக்குள் இருக்கிற பம்பைப் புதிதாக மாற்றினார்கள், கூலியோடு 11,600 ரூபாய். நம்பித்தான் கொடுத்தேன். ஒன்பதாவது நாள் மறுபடி நின்றது. திரும்பப் போனதற்கு இனி இசிஎம்தான் மாற்ற வேண்டும் என்றார்கள். இசிஎம் என்பது வண்டியின் மூளை மாதிரியான பெட்டி, எந்த நேரத்தில் எவ்வளவு பெட்ரோல், எப்போது பொறி என்று தீர்மானிப்பது அதுதான். அவர்கள் சொன்ன விலையைக் கேட்டுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். கூட வேலை பார்க்கிற பாம்பன்காரர் ஒருவர்தான், டீச்சர், போட் இன்ஜின் பார்த்த கை, ஒரு தடவை காட்டிப் பாருங்க என்று இந்தப் பட்டறையைச் சொன்னார்.

முதல் நாள் போனபோது பார்க்கவில்லை. முன்னால் மூன்று வண்டி நின்றது, சனிக்கிழமை காலையில் வாங்க, இன்ஜின் சூடு ஆறாம நேரா இங்க வரணும் என்று அனுப்பிவிட்டார். அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஏனென்றால் போன் எடுக்கவே மாட்டார், போன் பண்ணிக் கேட்டுவிட்டு வரலாம் என்றால் முடியாது. சனிக்கிழமை போனேன். பானெட்டைத் திறக்கவில்லை. பிளாஸ்டிக் சேரை இழுத்துப் போட்டு உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, அரை மணி நேரம் கேள்வி கேட்டார். நிக்கும்போது உதறுச்சா, டப்புனு நின்னுச்சா? நின்ன உடனே பாட்டு ஓடுச்சா, ஏசி காத்து வந்துச்சா? இரண்டும் ஓடியது என்றேன். அப்ப பேட்டரி, மெயின் ஒயர், சாவி சுவிட்ச் பக்கம் கரண்ட் மொத்தமா கட்டாகல என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். அப்புறம் கேட்ட கேள்வியை நான் மறக்கமாட்டேன்.

"நாலாவது கியர்ல போய்க்கிட்டு இருக்கும்போது ஆஃப் ஆச்சுன்னு சொல்றீங்க. கிளட்ச் மிதிக்கிறதுக்கு முன்னால, வண்டி இன்னும் உருண்டுக்கிட்டு இருக்கும்போது, ஆர்பிஎம் முள்ளு எங்க இருந்துச்சு டீச்சர்?"

ஆர்பிஎம் முள் என்பது இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்று காட்டுவது. கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். பாலத்தில் நின்ற அன்றைக்கு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஸ்பீடு முள் நாற்பதில் இருக்கும்போதே ஆர்பிஎம் முள் பொத்தென்று பூஜ்யத்தில் விழுந்து கிடந்தது. அதைச் சொன்னதும் அவர் முகம் மாறியது. கியர் விழுந்திருக்கும்போது சக்கரம் இன்ஜினைச் சுற்றிக்கொண்டுதானே இருக்கும், பெட்ரோல் இல்லாமல் நின்றாலும் இன்ஜின் சுற்றும், முள்ளும் வண்டி வேகம் குறையக் குறையத்தான் இறங்க வேண்டும். இன்ஜின் சுற்றிக்கொண்டிருக்கும்போதே முள் பூஜ்யத்தில் கிடந்தால், இன்ஜின் சுற்றுகிறது என்ற சேதியே மீட்டருக்குப் போகவில்லை என்று அர்த்தம். அந்தச் சேதியைக் கொடுப்பது கிராங்க் சென்சார். இப்படி அவர் விளக்கியபோது எனக்குத் தொண்டை அடைத்தது. இரண்டு இடத்திலும் இதை நான் சொல்லியிருப்பேன், கேட்டிருந்தால்.

அப்புறம் என் நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். பதினோரு தடவை நின்றிருக்கிறது. அக்கம்பக்கத்தில் எல்லோரும் பாலத்துப் பக்கம்தான் நிற்கிறது, கடல் காற்றுக்குத்தான் ஏதோ ஆகிறது என்றார்கள், நானும் பாதி நம்பியிருந்தேன். பாய் காலையில் நின்றதையும் சாயங்காலம் நின்றதையும் தனித்தனியாக விரல் வைத்துப் பார்த்தார். காலையில் மண்டபம், பாம்பன். சாயங்காலம் திரும்பும்போது உச்சிப்புளி சுற்று வட்டாரம். "இடம் இல்ல டீச்சர், நேரம். ரெண்டு பக்கமும் கிளம்பி முப்பத்தஞ்சு, நாப்பது நிமிஷம். சூடு ஏறுனா நிக்குது, ஆறுனா ஓடுது." பெட்ரோல் நிறைய இருந்தபோதும் நின்றிருக்கிறது, குறைவாக இருந்தபோதும் நின்றிருக்கிறது, ஆகவே டேங்க் காலியாகி பம்ப் சூடாகிற கதையும் இல்லை என்றார். டேங்குக்குள் இருக்கிற பம்பைக் குளிர்விப்பதே அதைச் சுற்றியிருக்கிற பெட்ரோல்தான், எப்போதும் ரிசர்விலேயே ஓட்டுகிறவர்களுக்குப் பம்ப் சீக்கிரம் போகும் என்பது நான் அன்றைக்குத் தெரிந்துகொண்டது. ஒரு கண்ணாடி பாட்டிலில் கொஞ்சம் பெட்ரோலும் எடுத்து வைத்தார். இப்போது வருகிற பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது, அது ஈரத்தை இழுக்கும், தண்ணீர் அளவு மீறினால் அடியில் தனியாகப் பிரிந்து நிற்கும். என் பாட்டிலில் அப்படி எதுவும் பிரியவில்லை.

நின்றால்தான் பார்க்க முடியும் என்று என்னையே ஓட்டச் சொன்னார். பெட்ரோல் லைனில் பிரஷர் மீட்டரை மாட்டி, ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற சாக்கெட்டில் ஸ்கேனரைச் சொருகி, பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டார், பையன் ஒருவன் பைக்கில் சாமானோடு பின்னால் வந்தான். பாலத்தில் ஏற வேண்டாம், நின்னா மத்தவங்களுக்கும் ஆபத்து என்று மண்டபத்தோடு திருப்பி, ஒரு வேப்பமரத்து நிழலில் ஓரங்கட்டி, பானெட்டை மூடியே வைத்து, ஏசி போட்டு ஐடிலில் ஓடவிட்டார். பன்னிரண்டு நிமிஷம் ஆகியிருக்கும். நின்றது. ஐந்து மாதத்தில் முதல்முறையாக அது நின்றதில் எனக்குப் பயம் வரவில்லை.

அடுத்த பத்து நிமிஷம் மூன்று பேரும் பேசவில்லை. செல்ஃப் அடிக்கச் சொன்னார், அடித்தேன், பம்ப் ஓடவில்லை, பிரஷர் ஏறவில்லை. இந்த இடத்தில்தான் முன்னால் பார்த்தவர்கள் பம்ப் போய்விட்டது என்று முடிவெடுத்திருக்கிறார்கள். இவர் ஃபியூஸ் பாக்ஸில் பம்ப் ரிலேவை, அதாவது பம்ப்புக்குக் கரண்ட் விடுகிற சுவிட்சை, பிடுங்கிவிட்டு ஒரு துண்டு ஒயரால் நேராகக் கரண்ட் கொடுத்தார். பம்ப் விர்ரென்று ஓடியது, மீட்டர் முள் 3 பார் வரை ஏறி அங்கேயே நின்றது. என் வண்டிக்கு அவ்வளவுதான் வேண்டும். இப்போது செல்ஃப் அடித்தால்? அப்போதும் ஸ்டார்ட் இல்லை. பிளக்குக்குக் கரண்ட் கொடுக்கிற காயிலில் வேறொரு பிளக்கை மாட்டி இன்ஜின் மேல் வைத்துப் பார்த்தார், பொறி இல்லை. பெட்ரோலைத் தூவுகிற இன்ஜெக்டரின் ஒயர் கப்ளரில் சின்ன பல்பைச் சொருகிப் பார்த்தார், அது மினுக்கவே இல்லை. "பொறியும் இல்ல, பெட்ரோல் ஊத்தச் சொல்ற ஆர்டரும் இல்ல. ரெண்டு பேரும் ஒண்ணா பட்டினி கிடந்தா சோறு போடுறவரைத்தான் போய்ப் பார்க்கணும்" என்றார். ஸ்கேனரில், செல்ஃப் இன்ஜினைச் சுற்றிக்கொண்டிருக்கும்போதே ஆர்பிஎம் பூஜ்யம் என்று காட்டியது.

அப்போதுதான் பம்ப் கதையும் விளங்கியது. கிராங்க் சென்சாரிலிருந்து சேதி வரவில்லை என்றால் இசிஎம்மைப் பொறுத்தவரை இன்ஜின் நின்றுவிட்டது, நின்றுபோன இன்ஜினுக்குப் பெட்ரோல் அனுப்பக்கூடாது என்று பம்ப்பை அதுவே அணைத்துவிடும். விபத்தில் வண்டி நின்ற பிறகும் பம்ப் ஓடிக்கொண்டே இருக்கக்கூடாது என்பதற்கான பாதுகாப்பு அது. பம்ப் ஓடாதது நோய் இல்லை, நோய் காட்டிய அடையாளம். செக் இன்ஜின் லைட் ஏன் எரியவில்லை என்றும் கேட்டேன். சேதி மொத்தமாக நின்றால் இன்ஜினே நின்றுவிட்டது என்றுதான் இசிஎம் நினைத்துக்கொள்கிறது, அதில் தப்பு இருப்பதாகவே அதற்குத் தெரிவதில்லை, அதனால் எல்லா வண்டியிலும் எல்லா நேரமும் கோடு (பழுதைச் சொல்கிற குறியீட்டு எண்) பதிவாகாது என்றார். ஸ்கேனரில் கோடு எதுவும் இல்லை, எல்லாம் நன்றாக இருக்கிறது என்று பெரிய இடத்தில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்த காகிதம் இன்னும் என் வண்டியில் கிடக்கிறது.

பையன் ஈரத்துணியை எடுத்துப்போய் இன்ஜின் அடிப்பக்கம் சென்சார் இருக்கிற இடத்தில் சுற்றி வைத்தான். இரண்டு நிமிஷத்தில் வண்டி ஸ்டார்ட் ஆனது. பையனுக்கு ஒரே குஷி, "காக்கா, சென்சார்தான், மாத்திருவமா?" என்றான். எனக்கும் அதுவே தோன்றியது, சென்சார் 2,500 ரூபாய் என்றாலும் போட்டுவிடுங்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். பாய் அவனைப் பார்த்து, "துணி சென்சார் மேல மட்டுமாடா பட்டுச்சு?" என்றார். சென்சாரிலிருந்து போகிற ஒயரும்தான் அந்த ஈரத்தில் ஆறியிருந்தது.

இந்த ஒரு கேள்விக்காகத்தான் நான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

பட்டறைக்குத் திரும்பி, இன்ஜின் ஆறியதும் சென்சாரைக் கழற்றி மல்டிமீட்டரை வைத்தார். என் வண்டியில் இருப்பது இரண்டு ஒயர் உள்ள காந்தச் சுருள் வகை, அதனால் அதன் ஓம் அளவைப் பார்த்தாலே பாதி தெரிந்துவிடுமாம். 800 சொச்சம் காட்டியது. ஒயர் மேல் போடுகிற ஸ்லீவைச் சுருக்குவதற்கு வைத்திருக்கிற சூட்டுக்காற்று கன்னை எடுத்துத் தொடமுடியாத சூட்டுக்கு ஏற்றினார், எண் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது, அறுந்துபோகவில்லை. சூடான செம்புக்கு அது இயல்பு. சென்சார் நல்ல சென்சார். அதை மறுபடி மாட்டிவிட்டு, இந்தத் தடவை மறுமுனையில், இசிஎம் கப்ளரைக் கழற்றி அந்தப் பக்கமிருந்து மீட்டரை வைத்தார். அதே 800. பையனைக் கீழே படுக்கவிட்டு ஒயர் கட்டை விரல் விரலாக நகர்த்திக்கொண்டே வளைத்துப் பார்க்கச் சொன்னார். கப்ளரிலிருந்து ஒரு ஜாண் தள்ளி ஓரிடத்தில் தொட்டதும் மீட்டரில் எண் காணாமல் போனது. விட்டால் வந்தது. தொட்டால் போனது.

டேப்பைப் பிரித்து என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். வெளியே பார்க்க நல்ல ஒயர்தான். விரல் நகத்தால் தடவினால் ஓரிடத்தில் லேசாக உப்பி, அழுத்தினால் மெத்தென்று இருந்தது. டார்ச் வெளிச்சத்தில் அந்த உப்பலின் மேல் ஒரு ஊசி ஓட்டை தெரிந்தது, காது குத்துகிற ஓட்டையைவிடச் சின்னது. பிளேடால் மேல்தோலைக் கீறினார். உள்ளே செம்பே இல்லை, பச்சையும் வெள்ளையுமாகப் பொடி, கோயில் பாத்திரத்தை வருஷக்கணக்கில் புளி போட்டுத் துலக்காமல் விட்டால் பிடிக்குமே அந்தக் களிம்பு. அவர் ஊதினார், பொடி பறந்தது, நடுவில் தலைமுடி மாதிரி இரண்டே இரண்டு இழை மிச்சம். இன்ஜின் சூடேறி அந்த இடம் அசைந்ததும் அந்த இரண்டு இழையும் விட்டுவிடும், ஆறினால் ஒட்டிக்கொள்ளும். பாலத்தின் மேல் மாமியாரையும் மகளையும் நிறுத்தியது அந்த இரண்டு இழைதான்.

ஓட்டை எப்படி வந்தது என்றால், யாரோ எப்போதோ டெஸ்ட் லேம்ப் ஊசியை ஒயருக்குள் குத்திக் கரண்ட் பார்த்திருக்கிறார்கள். மூன்று வருஷத்துக்கு முன்னால் ஸ்டார்ட்டிங் தொந்தரவுக்கு வேறோர் இடத்தில் விட்டது நினைவுக்கு வந்தது, அங்கேயா என்று அடித்துச் சொல்ல முடியாது. கடலை விட்டுத் தள்ளியிருக்கிற ஊர்களில் அந்த ஓட்டை பல வருஷம் தாங்கலாம், நம்ம கரையில் தாங்காது என்றார் பாய். உப்பு ஈரம் ஒரு புள்ளியில் நுழைந்தால் போதும், இழைகளுக்கு நடுவே திரி மாதிரி ஏறிக்கொண்டே போகும். அவர் சின்ன வயதில் பாம்பனில் விசைப்படகு இன்ஜினில் வேலை பழகியவர், படகில் ஒயரைக் குத்தினால் ஆசான் கையிலேயே அடிப்பாராம். கப்ளரின் பின்பக்கமாக மெல்லிய பின்னை ஒயரோடு ஒட்டிச் செருகித்தான் பார்க்க வேண்டும், தோலில் ஓட்டை விழக்கூடாது. இதைப் படிக்கிறவர்களில் மெக்கானிக் யாராவது இருந்தால் தயவுசெய்து இதை மட்டுமாவது கேளுங்கள். 1914-ல் திறந்த ரயில் பாலத்தையே பெயிண்ட் மேல் பெயிண்ட் அடித்துக் காப்பாற்றி, கடைசியில் 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்திவிட்டு, 2025 ஏப்ரலில் பக்கத்திலேயே புதுப் பாலம் திறந்த கரை இது. மெல்லிய செம்பு ஒயர் எம்மாத்திரம்.

வேலை சின்னதுதான், செய்த விதம் சொல்ல வேண்டும். களிம்பு பிடித்த இடத்தை மட்டும் வெட்டவில்லை, இரண்டு பக்கமும் செம்பு சிவப்பாகப் பளிச்சென்று தெரிகிற வரைக்கும் வெட்டிக்கொண்டே போனார், நாலு விரல் நீளம் போனது. அதே கனத்தில் புது ஒயர், இரண்டையும் முன்பு இருந்த மாதிரியே முறுக்கி (அந்த முறுக்குதான் பக்கத்து ஒயரிலிருந்து வருகிற மின்சார இரைச்சலைத் தடுக்குமாம்), ஈயம் வைத்து, உள்ளே பசை தடவிய ஸ்லீவ் போட்டுச் சுருக்கி, சூடு படாதபடி சைலன்சர் பக்கத்திலிருந்து தள்ளிக் கட்டினார். கூடவே பேட்டரியிலிருந்து இன்ஜினுக்கு வருகிற எர்த் ஒயரையும் கழற்றி, உப்புக் காகிதம் போட்டுத் தேய்த்து, கிரீஸ் தடவி இறுக்கினார். இந்தப் பக்கம் காரணமில்லாமல் நிற்கிற வண்டிகளில் நிறைய இந்த எர்த்தில்தான் முடியும் என்று சொன்னார், அன்றைக்கே எனக்கு முன்னால் நின்ற ஒரு பழைய வேனுக்கு அதைத்தான் மாற்றினார், பழைய எர்த் ஒயரைக் கையால் பிய்த்தால் பிஸ்கட் மாதிரி உதிர்ந்தது.

பில் என்று கேட்டதற்கு நோட்டுத் தாளில் எழுதிக் கொடுத்தார்: கண்டுபிடித்த கூலி 1,200, ஒயர் வேலை 600. பார்த்ததற்கே ஆயிரத்து இருநூறா என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார், எனக்குக் கோபம் வந்தது. பார்த்ததுதான் வேலை. பொருளை மாற்ற ஸ்பேனர் பிடிக்கத் தெரிந்தால் போதும். தன் நேரத்தை இவ்வளவு செலவழித்து, ஒரு பொருளும் விற்காமல் அனுப்பியவருக்கு அந்தக் கூலி குறைவு என்றுதான் நான் நினைக்கிறேன்.

குறைகளும் இருக்கின்றன. உட்கார நிழல் குறைவு, மதியத்தில் தகரக் கொட்டகைக்குள் இருக்கவே முடியாது. பெண்களுக்குக் கழிப்பறை இல்லை, நான் உச்சிப்புளிக்கு ஆட்டோ பிடித்துப் போய் வந்தேன், இதை அவரிடமே சொன்னேன், ஏற்பாடு பண்ணுகிறேன் என்றார். ஜிஎஸ்டி பில் வேண்டும், இன்சூரன்ஸ் கிளைம் வேண்டும் என்பவர்களுக்கு இந்த இடம் சரிவராது. டீசல் காரில் இன்ஜெக்டர் வேலை என்றால் மதுரைக்குத்தான் போகச் சொல்கிறார், ஆட்டோமேட்டிக் கியர்பாக்ஸைத் தொடுவதில்லை, தெரியாததைத் தெரியாது என்று முதலிலேயே சொல்லிவிடுகிறார். அவசரம் என்றால் அங்கே போகாதீர்கள். ஒரு வண்டியை எடுத்தால் அதை முடிக்காமல் அடுத்ததுக்கு வரமாட்டார்.

மார்கழியில் வேலை முடிந்தது, இப்போது சித்திரை. 8,000 கிலோமீட்டருக்கு மேல் ஓடிவிட்டது, ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதல் ஒரு மாதம் பாலத்தில் ஏறும்போது கை வியர்க்கும், ஆர்பிஎம் முள்ளையே பார்த்துக்கொண்டு போவேன், இப்போது என் மகள் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து கப்பல் பார்க்கிறாள். வெட்டியெடுத்த அந்த நாலு விரல் ஒயரைக் கேட்டு வாங்கி வந்தேன், ஒன்பதாம் வகுப்புக்கு உலோக அரிப்பு நடத்தும்போது பிள்ளைகள் கையில் கொடுத்தேன். பாதிப் பேர் மீனவர் வீட்டுப் பிள்ளைகள், பார்த்த உடனே, டீச்சர் இது எங்க போட்லயும் இருக்கு என்றார்கள்.

போகிறவர்களுக்குச் சில விஷயம். வெள்ளிக்கிழமை மதியம் ஜும்மா தொழுகைக்குப் பட்டறை மூடியிருக்கும், மூன்று மணிக்கு மேல்தான் திறப்பார். தனுஷ்கோடி அரிச்சல்முனை போய்விட்டு வருகிற வண்டிகளை அன்றைக்கே நல்ல தண்ணீரில் அடிப்பக்கம் கழுவச் சொல்கிறார், ஆனால் பானெட்டுக்குள் பிரஷர் வாஷ் அடிக்கக்கூடாது, கப்ளருக்குள் தண்ணீர் ஏறிவிடும். உங்கள் வண்டியும் நிற்கிறது என்றால் போவதற்கு முன்னால் நான் எழுதின மாதிரி ஒரு நோட்டு எழுதிக்கொண்டு போங்கள். உதறி நின்றதா டப்பென்று நின்றதா, முள் எங்கே இருந்தது, கிளம்பி எத்தனை நிமிஷம், பாட்டு ஓடியதா, எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆனது. அதை அவரிடம் நீட்டினால் முதலில் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைத்தான் படிப்பார், அப்புறம்தான் பானெட்.